பாசிப்பயறுத் தளபதி: மலையூரில் 40 நிமிட வீதி நாடகம் போடும் முறை

நீலகிரியில் கொரியத் தொடர் பார்க்கும் பிள்ளைகள் படுகர் ஹட்டிகளிலும் (ஊர்களிலும்) இருக்கிறார்கள், எஸ்டேட் லைன் வீடுகளிலும் இருக்கிறார்கள். அரசன், பட்டத்து ராணி, அரண்மனைச் சதி எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அதே நாட்டில் 1894ல் தண்ணீர் வரி கொடுக்க முடியாது என்று கிளம்பிய குடியானவர்களையும், அவர்களுக்கு முன்னால் நின்ற ஜொன் பொங்ஜுன் என்ற குள்ளமான வாத்தியாரையும் தேயிலைச் சரிவில் நாடகமாகப் போடுவது எப்படி என்பதை இங்கே சொல்கிறோம். 12 பேர் போதும். சாமான் ஒரு ஜீப்பில் அடங்கும். மேடை வேண்டாம்.

முதலில் ஆளைத் தேர்வு செய்யுங்கள், அதில்தான் பாதிக் குழுக்கள் சறுக்கும். நல்ல உயரம், கனத்த குரல் உள்ளவரைத் தலைவனாக்கத் தோன்றும். வேண்டாம். ஜொன் பொங்ஜுனை ஊரார் ‘நோக்து ஜாங்குன்’ என்றார்கள். நோக்து என்றால் பாசிப்பயறு, ஜாங்குன் என்றால் தளபதி. ஆள் அவ்வளவு சின்ன உருவம் என்பதால் வந்த பட்டப்பெயர். ஆகவே உங்கள் குழுவில் யார் மிகக் குட்டையோ அவர்தான் தளபதி. கூட்டத்துக்குள் நின்றால் பார்ப்பவர்கள் அவரைத் தேட வேண்டும். தேட வேண்டியிருக்கிறதே என்று நீங்கள் கவலைப்பட்டு அவரை நாற்காலி மேல் ஏற்றினால் கதை கெட்டது.

அடுத்து உச்சரிப்பு. கொரியாவில் குடும்பப் பெயர் முன்னால் வரும். ‘ஜொன்’ குடும்பப் பெயர், ‘பொங்ஜுன்’ இட்ட பெயர். ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘ஜியோன்’ என்று படிப்பது பொதுவான பிழை. அது ஒகரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ஒலி. முடிவைத் தீர்மானித்த போர் நடந்த ஊகும்ச்சி கணவாயின் பெயரில் நடுவில் வரும் ‘கு’வை உதடு குவிக்காமல், நம் குற்றியலுகரம் போலச் சொன்னால் சரியாக விழும். இந்த ஒலியில் தமிழர்களுக்குச் சிரமமே இல்லை. எழுச்சி தொடங்கிய வட்டத்தின் பெயர்தான் தொல்லை: ‘கோபு’. மொட்டையாகச் சொன்னால் யாரோ கோபு என்ற ஆள் என்று கூட்டம் சிரிக்கும். எப்போதும் ‘கோபு வட்டம்’ என்றே சொல்லுங்கள்.

நடிப்பவர்கள் அனைவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய கதை இவ்வளவுதான். கொரியாவின் தென்மேற்கில் ஜொல்லா மாகாணம், நெல் விளையும் சமவெளி. கோபு வட்டத்து அதிகாரி ஜோ பியொங்கப், பழைய அணை ஒன்று இருக்கும்போதே அதற்குக் கீழே கூலி கொடுக்காமல் ஊராரை வைத்து மான்சொக்போ என்ற புதுத் தடுப்பணையைக் கட்டி, அதற்கு வரியும் வாங்கினார். தன் தகப்பனாருக்கு நினைவு மண்டபம் கட்டவும் வசூல். முறையிடப் போன ஜொன்னின் தந்தை அடிபட்டுச் செத்தார். 1894 பிப்ரவரி 15ல் சுமார் 1,000 பேர் வட்ட அலுவலகத்தைப் பிடித்து, தானியத்தைப் பங்கிட்டு, அணையை உடைத்தார்கள். மே 11ல் ஹ்வாங்தோஜே மேட்டில் அரசுப் படையை வென்று, மே 31ல் மாகாணத் தலைநகர் ஜொன்ஜுவுக்குள் நுழைந்தார்கள். கொரிய அரசு சீனாவிடம் படை கேட்க, ஜப்பானும் படையை இறக்கியது. ஜூனில் விவசாயிகள் அரசோடு உடன்பாடு செய்து ஊர் திரும்பி, ஜொல்லா வட்டங்களில் தங்கள் நிர்வாகக் குழுக்களை நடத்தினார்கள். ஜூலையில் ஜப்பான் அரண்மனையைப் பிடித்ததும், இலையுதிர் காலத்தில் மறுபடி எழுந்து, டிசம்பர் தொடக்கத்தில் ஊகும்ச்சியில் நொறுங்கினார்கள். ஜொன் காட்டிக் கொடுக்கப்பட்டு, 1895 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார்.

தேதியில் ஒரு எச்சரிக்கை. கொரிய நூல்கள் பல சந்திர நாட்காட்டிக் கணக்கில் எழுதும். கோபு எழுச்சி அதில் முதல் மாதம் 10ம் நாள். நம் கணக்கில் பிப்ரவரி 15. இரண்டையும் கலந்தால் வரிசை குழம்பிவிடும். மேலே உள்ளவை நம் நாட்காட்டியின்படி.

கட்டியங்காரனுக்குப் பதில் கட்டியக்காரி வையுங்கள். அவருக்கான ஆள் கொரிய நாட்டுப்பாட்டிலேயே இருக்கிறார். ஜொன்னோடு சேர்த்துச் சொல்லப்படும் தாலாட்டு ஒன்றில், நீலப் பறவையிடம் பயற்றுக் கொல்லையில் உட்காராதே என்று கெஞ்சுவார்கள்; பூ உதிர்ந்தால் பயற்றுக்களி விற்பவர் அழுதுகொண்டு போவாராம். பயற்றம்பூ தளபதி, பறவை நீலச் சீருடைப் படையாட்கள், களி விற்பவர் ஊர் சனம் என்று பொருள் சொல்வது வழக்கம். அந்தக் களிக்காரம்மாவே கதை சொல்லட்டும். தலையில் ஒரு தட்டு, இடுப்பில் ஒரு ஆழாக்கு. ஆழாக்கு கடைசியில் வேலைக்கு வரும். பாட்டைத் தமிழாக்கும்போது ‘பச்சைக்கிளி’ என்று போடக் கை துடிக்கும். கொரிய மொழியில் நீலத்துக்கும் பச்சைக்கும் ஒரே சொல் புழங்குவது உண்மைதான். ஆனால் கிளி என்றதும் நம் ஆட்களுக்குக் காதல் தூது ஞாபகம் வந்துவிடும், சீருடை மறைந்துபோகும். நீலப் பறவையாகவே இருக்கட்டும்.

வட்டக் கடிதம் (8 நிமிடம்)

நாடகத்தின் உயிர் இதுதான். 1893 கடைசியில் கோபு வட்டத்துக்காரர்கள் 20 பேர் சேர்ந்து ஒரு சுற்றறிக்கை எழுதினார்கள். சோற்றுக் கிண்ணத்தைக் கவிழ்த்து வட்டம் போட்டு, அந்த வட்டத்தைச் சுற்றிப் பெயர்களை எழுதினார்கள். முதல் பெயர் எது, கடைசிப் பெயர் எது என்று சொல்ல முடியாது. ஆகவே தலைவன் யாரென்று அதிகாரி கண்டுபிடிக்க முடியாது. ஜொன் பொங்ஜுன் அதில் ஒரு பெயர், அவ்வளவுதான். தீர்மானம் நான்கு: கோபு கோட்டையை உடைத்து ஜோ பியொங்கப்பின் தலையை எடுப்பது, ஆயுதக் கிடங்கைப் பிடிப்பது, அதிகாரிக்கு வால் பிடித்த சில்லறை அலுவலர்களைத் தண்டிப்பது, ஜொன்ஜுவைப் பிடித்து நேரே நாட்டுத் தலைநகர் சோலுக்கு (சியோல்) போவது.

சார்ட் பேப்பரில் எழுதாதீர்கள். குன்னூரில் நாலு மணிக்கு மஞ்சு இறங்கினால் பத்து நிமிடத்தில் தாள் தொய்ந்து நடுவில் கிழியும். 2 மீட்டர் பழைய நாலு முழ வேட்டி போதும். முந்தைய நாள் கஞ்சி போட்டு, இஸ்திரி செய்துவிடுங்கள். வட்டத்துக்கு வீட்டுக் கிண்ணம் போதாது, பின்வரிசைக்குத் தெரியாது. 2 அடி அகல அலுமினியச் சட்டியைக் கவிழ்த்துக் கரிக்கட்டியால் சுற்றி வரையுங்கள். அதை நாலாகப் பிரித்து, ஒவ்வொரு கால் வட்டத்திலும் 5 புள்ளி வைத்தால் 20 பெயருக்கு இடம் கணக்காக வரும். புள்ளிகளை ஒத்திகையிலேயே பென்சிலால் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் பத்துப் பேர் பரந்து எழுதிவிட்டுப் பிற்பாடு வருபவர்களை நெருக்கித் தள்ளுவார்கள். பெயரின் அடி நடுவைப் பார்க்க வேண்டும். எழுதுகிறவர் சுற்றி வர வேண்டாம். நாலு மூலையிலும் நால்வர் பிடித்து வேட்டியைச் சுழற்ற, எழுதுகிறவர் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கட்டும். அந்தச் சுழற்சியே பார்ப்பதற்கு நன்றாக இருக்கும்.

எழுதும் மைக்கு ஊரிலேயே சரக்கு உண்டு. 100 கிராம் டஸ்ட் தேயிலையை அரை லிட்டர் தண்ணீரில் போட்டுப் பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். ஒரு கைப்பிடி துருப்பிடித்த ஆணியை, மூழ்கும் அளவு வினிகரில் இரண்டு நாள் ஊறவைத்து, அந்த நீரைக் கரண்டி கரண்டியாக டிக்காக்‌ஷனில் விடுங்கள். தேயிலைத் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கண்ணெதிரே கருக்கும். அப்படியே தொட்டு எழுதினால் துணியில் ஊறிப் பரவும். ஒரு கரண்டி மைதாப் பசை கலக்கினால் நிற்கும். கறை போகாது, ஆகவே எழுதுகிறவர் வெள்ளை உடுப்புக்கு மேல் சாக்கு கட்டிக்கொள்ளட்டும்.

20ல் 12 பெயரை நடிகர்கள் எழுதி, மீதி 8ஐக் கூட்டத்திலிருந்து கேட்டு வாங்கலாம். இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். எஸ்டேட் லைனில் போடும்போது மேஸ்திரியோ சூப்பர்வைசரோ பார்த்துக்கொண்டு நின்றால், வட்டத்தில் பெயர் எழுதுவது யாருக்கும் விளையாட்டாகத் தெரியாது. முழுப் பெயர் கேட்காதீர்கள்; முதலெழுத்து போதும், பெருவிரல் ரேகையும் போதும். அந்த எட்டு நிமிடமும் போனில் படம் எடுக்க வேண்டாம் என்று களிக்காரம்மா முதலிலேயே சொல்லிவிடட்டும்.

அணை (6 நிமிடம்) சுலபம். சருகு அடைத்த 10 சாக்குகளைக் குறுக்கே அடுக்கி, பின்னால் நீலப் புடவை ஒன்றை இருவர் ஆட்டினால் மான்சொக்போ தயார். ஜோ பியொங்கப்பைக் கோமாளியாக்காதீர்கள். கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு பணிவாக, அமைதியாக வரி கேட்கட்டும். பயம் அதில்தான் இருக்கிறது. பிற்பாடு அவர் மறுபடி அரசுப் பதவிக்கு வந்தவர் என்பதையும் ஒரு வரியில் சொல்லலாம். உடைக்கும்போது சாக்குகளைப் பார்ப்பவர்கள் பக்கம் வீசாமல் மேட்டுப் பக்கம் வீசுங்கள்.

வெள்ளை மலையும் கோழிக்கூடும் (10 நிமிடம்)

பேக்சான் என்ற குன்றில் விவசாயிப் படை கூடியது. பேக்சான் என்றால் வெள்ளை மலை. எல்லோரும் வெள்ளை உடுத்தி மூங்கில் ஈட்டி பிடித்திருந்ததால், எழுந்து நின்றால் வெள்ளை மலை, உட்கார்ந்தால் மூங்கில் மலை என்று சொல்வழக்கு உண்டானது. இதை வசனமாகச் சொல்லவே வேண்டாம், செய்து காட்டுங்கள். பார்ப்பவர்கள் கீழே, நடிகர்கள் மேலே சரிவில், முன்னால் இடுப்பளவு தேயிலைப் புதர். 8 பேர் 6 அடி மூங்கிலைச் செங்குத்தாகப் பிடித்துக் குந்தினால் கொம்புகள் மட்டும் தெரியும். ஒரே அடியில் எழுந்தால் வெள்ளை மட்டும் தெரியும். மூன்று தடவை செய்யுங்கள், நாலாவது தடவை வேண்டாம். கொழுந்து நிற்கும் செடிக்குள் கால் வைக்காமல் நடைவழியிலேயே நிற்க வேண்டும் என்பதை ஒத்திகையில் அழுத்திச் சொல்லுங்கள்.

படுகர் ஊர்களில் வெள்ளை உடுத்திய கூட்டம் என்றாலே ஹெத்தையம்மன் திருவிழா நினைவு வரும். அந்தத் தலைப்பாகையையும் மேல்துண்டையும் நாடகத்துக்குக் கடன் வாங்கக் கூடாது. வெள்ளை ஜிப்பா, தொளதொளப்பான பைஜாமா, கெண்டைக்காலில் துணிப்பட்டை, நெற்றியில் வெள்ளைத் துணிக் கீற்று போதும். உள்ளே ஸ்வெட்டர் போடலாம், அதன் கழுத்து வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் வரும் பளபள ஹான்பொக் (கொரிய மரபு உடை) அரண்மனைக்காரர்களுக்கு உரியது. தளபதிக்குத் தொப்பி வேண்டாம். கறுப்புக் கம்பளி நூலில் உச்சிக் கொண்டை ஒன்று முடிந்து வையுங்கள். மூங்கில் முனையைச் சீவாதீர்கள், காட்டில் வெட்டவும் செய்யாதீர்கள். மேட்டுப்பாளையம் கடையில் வாங்கி, நுனியில் துணி சுற்றிவிட்டால் காவல் நிலையத்திலும் கேள்வி வராது.

அடுத்தது ஜாங்தே. இது மூங்கிலில் முடைந்த கோழிக்கூடு. மே கடைசியில் ஜாங்சொங் பக்கம் ஹ்வாங்னியொங் ஆற்றங்கரைச் சண்டையில், வைக்கோல் திணித்த பெரிய ஜாங்தேக்களைச் சரிவில் உருட்டி, அவற்றின் மறைவில் ஓடித் துப்பாக்கிக் குண்டைச் சமாளித்தார்கள். நமக்குப் பஞ்சாரம் இருக்கிறதே, அது போதும். வாய் 3 அடி அகலமுள்ள பஞ்சாரம் இரண்டை வாயோடு வாய் வைத்துச் சணல் கயிற்றால் இரண்டு விரல் இடைவெளிக்கு ஒரு கட்டு போட்டுத் தையுங்கள். முழுசாகத் தைக்குமுன் வைக்கோலை அடைத்துவிட வேண்டும்.

இப்படியே உருட்டிப் பார்த்தால் உங்களுக்குக் கோபம் வரும். நடு வயிறு பருத்து இரு முனையும் ஒடுங்கியிருப்பதால் அது வயிற்றில் ஆடி, ஒரு பக்கம் சாய்ந்து, அரை வட்டம் போட்டு உங்களிடமே திரும்பி வரும். தையலுக்கு இரு பக்கமும் ஒரு சாண் தள்ளிப் பழைய சைக்கிள் டயர் ஒவ்வொன்றைச் சுற்றிக் கட்டுங்கள். டயர் பெரிதாக இருந்தால் வெட்டி அளவுக்குச் சேர்த்துக் கட்டலாம். இப்போது அது இரண்டு டயரில் நேராக ஓடும். மேலே பழைய சாக்கைச் சுற்றி டயரை மறையுங்கள்.

மலையில் இன்னொரு வம்பு: நிற்காது. கொரியாவில் அது எதிரி மேல் போய் விழ வேண்டும், இங்கே முன்வரிசையில் குழந்தைகள் உட்கார்ந்திருப்பார்கள். இரு முனையிலும் நடுவே ஒரு கம்பைச் செருகி, அதில் 20 அடி கயிறு கட்டி, மேலே இரண்டு பேர் பிடித்து விட்டு விட்டு இறக்க வேண்டும். கீழே ஒருவர் ஆப்புக்கல்லோடு தயாராக நிற்கட்டும். சாரலில் நனைந்த வைக்கோல் கனம் ஏறும், மறுநாள் நாறும். காட்சி முடிந்ததும் கூரைக்கடியில் வையுங்கள்.

ஜொன்ஜு நகரம், சீனப் படை, ஜப்பான் படை, உடன்பாடு எல்லாவற்றையும் களிக்காரம்மாவே 4 நிமிடத்தில் நடந்துகொண்டே சொல்லிவிடட்டும். இதைக் காட்சியாகப் பிரித்தால் 20 நிமிடம் தின்னும், கூட்டம் டீக்குப் போய்விடும்.

பத்து ஆழாக்கு (5 நிமிடம்)

ஊகும்ச்சியில் சண்டைக் காட்சி போடாதீர்கள். நவீன துப்பாக்கிக்கு எதிரே மூங்கிலோடு மேடேறியவர்களை 8 பேரை வைத்துக் காட்டினால் குழந்தை விளையாட்டாக இருக்கும். ஜொன் தன் விசாரணையில் சொன்ன கணக்கு பதிவாகியிருக்கிறது: முதல் மோதலுக்குப் பிறகு எண்ணியபோது 10,000 பேரில் ஏறக்குறைய 3,000 பேர், இரண்டாவதுக்குப் பிறகு எண்ணியபோது 500 பேர். அந்தக் கணக்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

களிக்காரம்மா ஒரு ஆழாக்கு 1,000 பேர் என்று சொல்லி, 10 ஆழாக்கு பாசிப்பயறை வெறும் முறத்தில் அளந்து கொட்டட்டும். மொத்தம் ஒன்றரைக் கிலோவுக்குள்தான் வரும். ஒவ்வொரு ஆழாக்கும் முறத்தில் விழும் சத்தம் கேட்க வேண்டும். மைக்கை முறத்துக்கு ஒரு முழம் மேலே பிடியுங்கள். பிறகு பறை மூன்று அடி. முறத்தை ஒரே உதறாக உதறி 7 ஆழாக்கைத் தரையில் விரித்த சாக்கில் கொட்டட்டும். மீதியை அளந்து காட்டட்டும்: 3. மறுபடி பறை. மறுபடி உதறல். மீதி அரை ஆழாக்கு. அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு முன்வரிசையைச் சுற்றி நடக்கட்டும், ஒரு சொல்லும் வேண்டாம். உதறலைக் கண்ணளவில் சரியாக விட ஒத்திகையில் இருபது தடவையாவது பழக வேண்டும். சாக்கு விரிக்க மறந்தால் சிமெண்ட் தரையில் பயறு உருண்டு, அடுத்த காட்சியில் டோலி தூக்குபவர் வழுக்கி விழுவார்.

பறை விஷயம். தோல் பறை மஞ்சில் ஐந்து நிமிடத்தில் தொய்ந்து ‘பொத்’ என்று விழும். தீ மூட்டிக் காய்ச்ச இடமிருந்தால் தோலே வையுங்கள், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காட்டோரத்தில் தீயே வேண்டாம். அப்போது ஃபைபர் பறை. சத்தம் கொஞ்சம் கீச்சென்று இருக்கும், பொறுத்துக்கொள்ளலாம். இந்தக் காட்சியில் ஆட்ட அடி அடிக்கப் பறைக்காரர்களுக்குக் கை ஊறும். கண்டிப்பாக மூன்றே அடி.

படம் (3 நிமிடம்)

பிடிபட்டபோது ஜொன்னின் கால் ஒடிந்தது. 1895ல் சோலில் அவரை ஆள் தூக்கும் பல்லக்கில் வைத்துக் கொண்டுபோகும்போது ஜப்பானியர் ஒருவர் எடுத்த படம்தான் இன்று எல்லோரும் அறிந்த முகம்: தொப்பியில்லாத கொண்டை, கேமராவை நேராக முறைக்கும் கண். 2018ல் சோலின் ஜொங்காக் பக்கம், பழைய சிறை இருந்த இடத்தில் வைத்த சிலையும் உட்கார்ந்த நிலையில்தான் இருக்கிறது.

சாலை இல்லாத மலையூர்களில் நோயாளியைத் தூக்கும் டோலி கட்டத் தெரிந்தவர் யாராவது இருப்பார், அவரையே கேளுங்கள். 8 அடி மூங்கில் இரண்டு, நடுவில் ஒன்றரை அடிப் பலகை, மேலே சாக்கு. மேடேறும்போது குட்டையானவர்கள் முன்னால், இறங்கும்போது நெட்டையானவர்கள் முன்னால். மாற்றி நின்றால் தளபதி சறுக்கி வருவார். நடுவில் நிறுத்தி, எல்லோரும் உறைந்து நிற்க, தளபதி 20 விநாடி கூட்டத்தைப் பார்க்க வேண்டும். கண் சிமிட்டலாம், தலை அசையக் கூடாது. அதற்கு முன் ஒரே ஒரு வசனம். உனக்கென்ன நட்டம் வந்தது என்று விசாரணையில் கேட்டபோது, காலையில் சோறும் மாலையில் கஞ்சியும் குடிக்கிற என்னிடம் பறிக்க என்ன இருக்கிறது என்ற பொருளில் பதில் சொன்னார். இதைக் கத்திச் சொல்லாமல் பேச்சுக் குரலில் சொல்லட்டும். தூக்குக் காட்சி வேண்டாம். கடைசி 4 நிமிடம் பறையில்லாமல் தாலாட்டு.

நாளும் நேரமும்: ஊட்டி, கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தவிருங்கள், குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மாலை மூன்றரைக்குத் தொடங்குங்கள். இருட்டினால் கரடியும் காட்டுமாடும் லைன் பக்கமே வரும். ஆறு மணிக்குள் எல்லோரும் வீடு சேர வேண்டும். காவல் நிலையத்துக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் ஒரு வாரம் முன்னதாகக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். கொரியாவில் 2019 முதல் மே 11 இந்த எழுச்சியின் அதிகாரப்பூர்வ நினைவு நாள். நம்மூரில் அப்போது சீசன் கூட்டம், சாலை நெரிசல். சாமான் ஜீப்பைக் காலையிலேயே ஏற்றிவிடுங்கள். மாவட்டத்தில் ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் தண்ணீருக்குக் குடமும் டம்ளரும்.

முடிந்ததும் சுண்டல் கொடுப்பது பொருத்தம். 100 பேருக்கு மூன்றரைக் கிலோ முழுப் பாசிப்பயறு. மலைக் குளிரில் ஊற நேரமாகும், முந்தைய இரவே வெதுவெதுப்பான நீரில் போடுங்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் வைத்தால் வேகவே வேகாது. குக்கரில், கீழே வைப்பதைவிட ஒரு விசில் கூட வையுங்கள். முறத்தில் உதறிய பயறை இதில் சேர்க்காதீர்கள், பல்லில் மண் நறநறக்கும். அதை அடுத்த ஆட்டத்துக்குத் தனியாக மூட்டை கட்டி வைத்துக்கொள்ளலாம்.